கட்டைவிரலின் குளிர்

பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலை ஓட்டுகிறவர் உடம்பில் முதலில் விறைப்பது பெரும்பாலும் வலது கைக் கட்டைவிரல்தான். மோட்டார் சைக்கிளைப் போல இதில் கைப்பிடியைத் திருகி வேகம் கூட்டுவதில்லை. கைப்பிடியை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் எஞ்சின் அடங்கிவிடும். ஓட்டுகிறவர் தூக்கி எறியப்பட்டால் வண்டி தன்பாட்டுக்கு ஓடிப்போகாது என்பதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் மற்ற நான்கு விரல்களும் கைப்பிடியைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்போது, கட்டைவிரல் மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து மணிக்கணக்கில் ஒரே அழுத்தத்தில் நிற்கிறது. அழுத்திப் பிடித்த விரலுக்குள் ரத்தம் தாராளமாக ஓடாது. இதற்காகவே இன்று விற்கும் வண்டிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் கைப்பிடிகளுக்கு ஒரு சூடேற்றி, கட்டைவிரல் நெம்புக்கு இன்னொரு சூடேற்றி என்று இரண்டு வைக்கிறார்கள். ஒற்றை விரலுக்கென்று தனி அடுப்பு மூட்டிய வாகனம் இது.

அப்படியும் கை குளிர்கிறது. கனடாவிலும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் குளிர்காலத் தொடக்கத்தில் கடைக்குள் போனால் கையுறைக்கென்றே ஒரு சுவர் முழுக்க ஒதுக்கியிருப்பார்கள். தோல், கம்பளி, செயற்கைப் பஞ்சு, பேட்டரி வைத்தது, மூன்று விரல் வைத்தது என்று வரிசை வரிசையாகத் தொங்கும். போன வருடம் கை விறைத்தவர் இந்த வருடம் அதைவிடத் தடிமனான ஒன்றைத் தேடி அங்கே நிற்பார். அவர் தேடுகிற இடமே தவறு என்பது என் எண்ணம். கை ஏன் குளிர்கிறது, எதனால் சூடாகிறது என்பதைப் பற்றி உடலியல் அறிஞர்களும் ராணுவ ஆய்வாளர்களும் வடதுருவ மக்களும் கண்டறிந்தவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், தடித்த கையுறை கடைசியாகக் கவனிக்க வேண்டிய ஒன்றாகத்தான் தெரிகிறது.

வண்டியின் பிறப்பிலிருந்து தொடங்கலாம். கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் மெக்கானிக்காக இருந்தவர் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே. 1934-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய 2 வயது மகன் வயிற்று அழற்சியால் இறந்துபோனான். சாலைகளைப் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. பனிமேல் ஓடும் வண்டி பற்றி அதற்கு முன்பே அவர் யோசித்துக்கொண்டிருந்தார். 1937-ல் அவர் காப்புரிமை பெற்ற இயக்க அமைப்பைக் கொண்டு உருவான முதல் வண்டிகள் ஏழு பேர் உட்காரும் மூடிய கூண்டுகள். உள்ளே இருந்தவர்களுக்குக் கைக்குளிர் ஒரு பெரிய விஷயமாக இருந்திருக்காது. 1959-ல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த 'ஸ்கி-டூ' வேறு வகை: சிறியது, மலிவானது, திறந்தது. விஸ்கான்சினில் சேனர் என்ற ஊரில் 1924-லேயே கார்ல் எலியாசன் மோட்டார் வைத்த சறுக்குப் பலகை ஒன்றைச் செய்திருந்தார். 1950-களின் நடுவில் மின்னசோட்டாவின் ரோஸோவில் பொலாரிஸ்காரர்கள் தங்கள் முதல் வண்டியைக் கட்டினார்கள். அவையும் திறந்தவையே. மக்கள் விரும்பி வாங்கியது திறந்த வண்டியைத்தான். கைக்குளிர் என்ற கேள்வி அந்த விருப்பத்தோடு சேர்ந்து வந்தது.

அதற்கு முன்பு பனிவெளியில் போனவர்கள் நாய்வண்டியிலோ துருவமான் வண்டியிலோ போனார்கள், அல்லது சறுக்குக் கட்டைகளில் நடந்தார்கள். நாய்வண்டி ஓட்டுகிறவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. மேட்டில் பின்னாலிருந்து தள்ளுவார், கூடவே ஓடுவார், பனியில் சிக்கினால் இறங்கித் தூக்குவார். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் உண்டாக்குகிறது. ஓடுகிற உடம்பு அதைப்போலப் பல மடங்கு. ஸ்னோமொபைல் இந்த உழைப்பை வாங்கிக்கொண்டது. வெப்பத்தைக் கொடுத்துவந்த வேலை போயிற்று. வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும் காற்றோ பல மடங்கானது. நாய்வண்டி ஓடும் வேகத்தில் எதிர்க்காற்று ஒரு தென்றல். மணிக்கு 80 கி.மீ. போகும் வண்டியில் அது புயல்.

இந்தப் புயலை அளந்த கதை சுவையானது. பால் சைப்பிள் 1928-ல் சாரணச் சிறுவனாக அட்மிரல் பேர்டுடன் அண்டார்டிகா போனவர். பிறகு புவியியலாளராகி மறுபடியும் அங்கே போனார். 1941-ல் அவரும் சார்லஸ் பாசெல்லும் ஒரு சிறு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை நிரப்பி, முகாம் கூரைமேல் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்தார்கள். காற்றின் வேகம் கூடக்கூட நேரம் குறைந்தது. 1945-ல் வெளியான அந்தக் கணக்குதான் இன்று வானொலியில் தினமும் சொல்லும் காற்றுக்குளிர் எண்ணுக்கு மூதாதை. 2001-ல் கனடாவும் அமெரிக்காவும் மனித முகங்களைக் கொண்டு சோதித்து அதைத் திருத்தின. புதிய கணக்கின்படி மைனஸ் 20 டிகிரியில் 60 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 36 போல இருக்கும். 10 முதல் 30 நிமிடத்துக்குள் திறந்த தோல் உறைந்துபோகலாம் என்று எச்சரிக்கும் வரம்புக்குள் வருகிற எண் இது.

ஸ்னோமொபைல்காரர்கள் இந்த அட்டவணையைப் பார்த்து, தங்கள் வண்டி வேகத்தைக் காற்று வேகமாக எடுத்துக்கொள்வது வழக்கம். அதில் ஒரு பிசகு உண்டு. அட்டவணையில் உள்ள காற்று, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்த காற்று. முகத்தின் உயரத்துக்கு வரும்போது அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகிவிடும் என்று கணக்கிலேயே கழித்துவிட்டார்கள். வண்டியில் போகிறவருக்கு இந்தக் கழிவு கிடையாது. 60 கி.மீ. வேகத்தில் போனால் முழு 60-ம் அவர்மேல் அடிக்கிறது. அதே கணக்கை நேராக்கிப் பார்த்தால் மைனஸ் 36 என்பது மைனஸ் 39 பக்கமாகப் போய் நிற்கும். முன்கண்ணாடி இருந்தால் முகத்துக்கும் நெஞ்சுக்கும் தப்பிக்க இடமுண்டு. ஆனால் பல வண்டிகளில் கண்ணாடியின் ஓரத்துக்கு வெளியேதான் கைகள் இருக்கின்றன. கண்ணாடியைச் சுற்றி ஒதுங்கி வரும் காற்று நேரே விரல் முட்டிகளில் மோதுகிறது.

குளிரில் கைக்கு நேர்வதைத் தமிழில் 'விறைத்துப் போச்சு' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று விரல் மடங்க மறுப்பது, மற்றது தொட்டால் தெரியாமல் போவது. ஆய்வாளர்கள் இவற்றுக்குத் தனித்தனி எண் வைத்திருக்கிறார்கள். கைத்தோலின் வெப்பம் 15 டிகிரி பக்கம் இறங்கும்போது விரல்களின் நுட்ப வேலை கெடத் தொடங்குகிறது. 8 டிகிரி அளவில் தொடு உணர்வு மங்குகிறது. பிரேக் பிடிக்கும் இடது கைக்கும் வேகத்தை அளந்து கொடுக்கும் வலது கைக்கும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருப்பதே ஆபத்து. உறைபனிக் காயம் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதற்கு வெகு முன்பே மரத்தில் மோதுவதற்கான ஏற்பாடு நடந்து முடிந்திருக்கும்.

கை தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. விரல்களை அசைக்கும் பெரிய தசைகள் முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. விரலுக்குள் இருப்பது எலும்பு, தசைநார், தோல். விரலுக்கு வரும் வெப்பமெல்லாம் ரத்தத்தோடு வருவதுதான். அந்த ரத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் விரல் நுனிகளில் சிறு தமனிகளையும் சிரைகளையும் நேராக இணைக்கும் குறுக்குவழிகள் ஏராளம். உடம்பு சூடாக இருந்தால் இவை திறந்து வெப்பத்தை வெளியே கொட்டும். உடம்பின் நடுப்பகுதி குளிரத் தொடங்கினால் அடைத்துக்கொள்ளும். இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற உடம்பு விரலைக் கைவிடுகிறது. பஞ்ச காலத்தில் முதலில் ஓரத்து வாய்க்கால்களின் மடையை அடைப்பது போலத்தான்.

ஆனால் மடை அடைத்தபடியே இருப்பதில்லை. லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் 1930-ல் பனிக்கட்டித் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்து வெளியிட்ட செய்தி இது: முதல் சில நிமிடங்கள் விரல் சரசரவென்று குளிர்கிறது, பிறகு திடீரென்று ரத்தம் பாய்ந்து சூடாகிறது, மறுபடி குளிர்கிறது, மறுபடி சூடாகிறது. சரியான அளவைத் தேடி அலைவது போல இருப்பதால் இதை 'வேட்டை' எதிர்வினை என்றார்கள். எல்லோருக்கும் இது ஒரே அளவில் இல்லை. குளிர்ந்த நீரில் நாள்தோறும் கைவைத்து உழைத்த கியூபெக்கின் காஸ்பே மீனவர்களை 1960-ல் ஆராய்ந்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் கைகள் அந்த நீரில் சூடாக இருந்தன. அலுவலகத்தில் ஐந்து நாள் இருந்துவிட்டுச் சனிக்கிழமை பனியில் இறங்குகிறவர் அந்தக் கையை எதிர்பார்க்க முடியாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்துவிட்டால் இந்த எதிர்வினை மங்கிவிடும், சில சமயம் வராமலே போகும்.

இந்த நிபந்தனையின் மறுபக்கத்தைச் சோதித்தவர்கள் டொரொண்டோவில் இருந்தார்கள். நம்மவர்கள் பல்லாயிரக்கணக்கில் வாழும் அதே நகரத்தில், கனடா ராணுவத்துக்காக இயங்கிய ஆய்வு நிலையத்தில், 1990-களின் இறுதியில் ஒரு சிறு குழுவை மைனஸ் 15 டிகிரி அறையில் மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். உடம்பு முழுக்கக் குளிர் உடை. ஒரு முறை கைக்குத் தடித்த ஆர்க்டிக் கையுறை கொடுத்தார்கள், உடம்பைச் சூடேற்றவில்லை. இன்னொரு முறை நெஞ்சையும் முதுகையும் மின்சாரத்தால் சூடேற்றினார்கள், கைகளை வெறுமையாகவே விட்டார்கள். கையுறை போட்ட விரல்களைவிட வெறுங்கை விரல்களே சூடாக இருந்தன. அவற்றில் ரத்த ஓட்டமும் அதிகம். கால் விரல்கள்கூட அந்த முறையில் சூடாகவே இருந்தன. அறைக்குள் 80 கி.மீ. எதிர்க்காற்று இல்லை என்பதை மறக்கக் கூடாதுதான். அதற்காக யாரும் வெறுங்கையோடு வண்டி ஏறப்போவதில்லை. ஆனால் இந்த ஒரு சோதனையைப் படித்த பிறகு, கை குளிர்கிறது என்று சொல்கிறவரிடம் நான் முதலில் கேட்பது கையுறையைப் பற்றி அல்ல. கழுத்தை எப்படி மூடியிருக்கிறீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், உள்சட்டை பருத்தியா என்பதைத்தான். பருத்தி வேர்வையைக் குடித்து நெஞ்சின் மேல் ஈரத்துணியாக ஒட்டிக்கொள்ளும். கம்பளியோ செயற்கை நூலோ அப்படிச் செய்வதில்லை. 12 வோல்ட்டில் ஓடும் சூடான உள்ளங்கி ஒன்றை வாங்குவது, அதே விலைக்கு இன்னொரு ஜோடிக் கையுறை வாங்குவதைவிடக் கைகளுக்கு நல்லது.

அடுத்தது காற்று. ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் உறைபோல மாட்டும் பெரிய துணிக்கூடு ஒன்று உண்டு, மஃப் என்பார்கள். கைப்பிடி, பிரேக், கட்டைவிரல் நெம்பு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், கையை உள்ளே நுழைத்து ஓட்ட வேண்டும். காற்று உள்ளே வராது. கைப்பிடியின் சூடு வெளியே ஓடாமல் உள்ளேயே தங்கும். மெல்லிய கையுறையோடு மைனஸ் 25-ல் நாள் முழுக்கப் போவதை இது சாத்தியமாக்குகிறது. செலவுக்கு இதைவிடப் பலன் தரும் பொருள் இந்தத் துறையில் இல்லை. ஆனாலும் பலரும் மாட்டுவதில்லை, பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். பந்தய வண்டியைப் போலத் தோன்றவேண்டிய ஒன்று பால்காரர் வண்டியைப் போலாகிவிடுகிறது என்ற வருத்தம். அழகைத் தவிர நியாயமான ஆட்சேபம் ஒன்றும் உண்டு: விழும்போது கை சட்டென்று வெளியே வரவேண்டும், எஞ்சினை நிறுத்தும் சுவிட்சு உள்ளிருந்தபடியே எட்டவேண்டும். வாய் குறுகலான, தொளதொளத்த மஃப் இந்த இரண்டிலும் தோற்கும். வாய் அகன்று விறைப்பாக நிற்பதைத்தான் வாங்க வேண்டும். அது வேண்டாமென்றால் விரல் முட்டிகளுக்கு முன்னால் பிளாஸ்டிக் கைக்காப்பு வைக்கலாம், முன்கண்ணாடியை உயர்த்தி அகலமாக்கலாம். மஃப் செய்யும் வேலையில் ஒரு பாதியை இவையும் செய்யும்.

சூடான கைப்பிடிக்கு வருவோம். கைப்பிடியின் ரப்பருக்கு அடியில் மெல்லிய மின்தகடு ஒன்று சுற்றியிருக்கும். அதன் மின்சாரம் எஞ்சினோடு சுழலும் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்சாரமும் குறையும்; அதனால் காத்துநிற்கிற நேரத்தில் கைப்பிடி ஆறிப்போவதைப் பலர் கவனித்திருப்பார்கள். உண்டாகும் வெப்பத்தில் ஒரு பங்கு உள்ளே இருக்கும் உலோகக் குழாய்க்கே போய்விடுகிறது. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் அசையாத காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வல்லது. குளிர்காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹேண்டில்பார் முழுக்க ஒரு ரேடியேட்டர் மாதிரி வேலை செய்கிறது. விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் மின்தகடு ஒட்டுவதற்கு முன் குழாயின்மேல் சுருங்கும் பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டுவிடுவார்கள். சின்ன வேலைதான், ஆனால் வித்தியாசம் முதல் பயணத்திலேயே கையில் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல், சூடு உள்ளங்கையில் வருகிறது, குளிர் புறங்கையில் அடிக்கிறது என்பது. கடையில் தடித்த கையுறை வாங்குகிறவர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார். உள்ளங்கையிலும் புறங்கையிலும் ஒரே தடிமனாகப் பஞ்சு வைத்த கையுறை, கைப்பிடியின் சூட்டையும் சேர்த்துத் தடுத்துவிடும். பணம் கொடுத்து வாங்கிய அடுப்புக்கும் கைக்கும் நடுவே பணம் கொடுத்து ஒரு சுவரையும் எழுப்பிக்கொள்கிறார். தடித்த உள்ளங்கையோடு கைப்பிடியைப் பிடிக்க இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் ரத்தம் குறையும், முன்கை களைத்துப்போகும். ஸ்னோமொபைலுக்கென்றே கவனமாகத் தைத்த கையுறைகளில் உள்ளங்கை மெல்லிய தோலாகவும் புறங்கை மட்டும் தடித்தும் இருக்கும். கையில் எடுத்து உள்ளங்கைப் பக்கத்தைக் கிள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். விலைச்சீட்டில் எழுதியிருக்கும் மைனஸ் எண்ணைவிட நம்பத்தகுந்த சோதனை இது.

தடிமனுக்கு இன்னொரு எல்லையும் உண்டு, அது வடிவியல் சம்பந்தப்பட்டது. சுவருக்குப் பஞ்சு ஒட்டினால் ஒட்டிய அளவுக்குக் குளிர் குறையும். விரல் சுவரல்ல, மெல்லிய உருளை. அதைச் சுற்றிப் பஞ்சு கூடக்கூட வெளிப்பரப்பும் கூடிக்கொண்டே போகிறது. கூடுதல் பரப்பு வழியாகக் கூடுதல் வெப்பம் வெளியேறுகிறது. ஆகவே இரட்டிப்புத் தடிமன் இரட்டிப்புக் கதகதப்பைத் தருவதில்லை. விரல்கள் பிரியாத மிட்டன் இந்தக் கணக்கை ஒரேயடியாக மாற்றிவிடுகிறது: நான்கு மெல்லிய உருளைகள் ஒரு தடித்த உருளையாகின்றன, பக்கத்து விரலின் சூடு வீணாவதில்லை. கம்பளி உள்ளுறையோடு மான்தோலில் தைத்த மிட்டனை மின்னசோட்டாக்காரர்கள் 'சாப்பர்' என்பார்கள். இயந்திரம் வருவதற்கு முன்பே காட்டில் மரம் வெட்டியவர்களின் கையில் இருந்தது. இடது கையால் பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால் சுட்டுவிரலை மட்டும் பிரித்த மூன்று விரல் கையுறையும் வந்தது. சமரசம்தான், ஆனால் மோசமான சமரசமல்ல.

யாருக்கு எது என்பதும் ஓட்டும் விதத்தைப் பொறுத்தது. கியூபெக்கில் 30,000 கி.மீ.க்கு மேல் சீராக வைத்திருக்கும் பனிப்பாதைகள் உண்டு. அங்கே ஒரே வேகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து போகிறவருக்கு மஃப்பும் உயரக் கண்ணாடியும் சூடான உள்ளங்கியும் பொருந்தும். ராக்கி மலைகளில் இடுப்பளவு புதுப்பனியில் நின்றபடி வண்டியைச் சாய்த்து வளைக்கிறவர் ஒரு மல்யுத்த வீரரைப் போல வேர்க்கிறார். மெல்லிய கையுறை போதும், உலர்ந்த மாற்று ஜோடிகள் சில வேண்டும். வேலைக்காக ஓட்டுகிற துருவமான் மேய்ப்பருக்கும் வேட்டைக்காரருக்கும் இரண்டுமே சரிவராது. அவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை வெளியே எடுத்துக் கயிறு கட்டவோ முடிச்சு அவிழ்க்கவோ வேண்டியிருக்கிறது.

மின்சாரக் கையுறைகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணிக்கட்டில் லித்தியம் பேட்டரி, புறங்கையிலும் விரல்களைச் சுற்றியும் மெல்லிய சூட்டு இழைகள். குளிர் அடிக்கும் பக்கத்திலேயே சூடு தருவதால் கைப்பிடி விட்ட குறையை இது சரியாக நிரப்புகிறது. ஆனால் குளிரில் பேட்டரியின் திறன் சரிகிறது. உச்ச அளவில் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அணைந்த மின்கையுறை, சாதாரணக் கையுறையில் சுமாரான ஒன்று. அதை நம்பிப் போகிறவர் மாற்றுப் பேட்டரியை நெஞ்சுப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். வண்டியிலிருந்தே வயர் இழுத்துக்கொள்ளும் வகைக்கு இந்தக் கவலை இல்லை. இறங்கும்போது வயரைக் கழற்ற மறக்காமல் இருந்தால் சரி.

சூட்டுப் பொட்டலங்களின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1923-ல் மத்தோபா நீச்சி என்பவர் பிளாட்டினத்தை வினையூக்கியாக வைத்துப் பெட்ரோலிய ஆவியைத் தீப்பிழம்பில்லாமல் எரிக்கும் உலோகப் பையடுப்பு ஒன்றைச் செய்தார். ஹக்கின் கைரோ என்ற பெயரில் அது இன்றும் விற்கிறது. 1978-ல் ஹொக்காரோன் என்ற ஒருமுறை உபயோகிக்கும் பொட்டலம் வந்தது: இரும்புத்தூள், உப்பு, கரி, ஈரம். உறையைக் கிழித்ததும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கி, துருவின் வெப்பம் மணிக்கணக்கில் வருகிறது. துருப்பிடிக்கக் காற்று வேண்டும். காற்றுப் புகாத இறுக்கமான கையுறைக்குள் பொட்டலத்தை அழுத்தி வைத்துவிட்டு, சூடே வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் அதற்கு மூச்சுவிட இடம் கொடுக்கவில்லை. முதலில் வெளியே பத்து நிமிடம் வைத்துச் சூடேறவிட்டு, பிறகு புறங்கைப் பக்கமாக வைத்தால் வேலை செய்யும். ரத்தம் தோலுக்கு அருகில் ஓடும் மணிக்கட்டின் உட்புறத்தில் வைப்பதும் பலருக்குப் பிடித்த வழி. அங்கே இறுக்கிக் கட்டாமல் இருந்தால் நல்லதுதான்.

ஈரம் இந்த எல்லா ஏற்பாட்டையும் குலைத்துவிடக் கூடியது. தண்ணீர் அசையாத காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வேலை செய்யாவிட்டாலும் கை கொஞ்சம் வேர்க்கிறது; மஃப்புக்குள் சூடு அதிகம் வைத்தால் நிறையவே வேர்க்கிறது. காலையில் கதகதப்பாக இருந்த கையுறை மதியச் சாப்பாட்டுக்குப் பின் குளிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிக்குளிர் கூடியதல்ல, உள்ளே சேர்ந்த வேர்வைதான். நீண்ட பயணக்காரர்கள் சிலர் மருத்துவமனையில் போடும் மெல்லிய ரப்பர் கையுறையை முதலில் மாட்டி, அதன்மேல் மற்றவற்றைப் போடுகிறார்கள். கை ஈரமாகவே இருக்கும், பஞ்சு உலர்ந்திருக்கும். கேட்க அருவருப்பாக இருந்தாலும் துருவப் பயணிகள் வெகுகாலமாக நம்பும் முறை. எஞ்சின் மூடிக்கு அடியில் கையுறையைச் செருகி உலர்த்துவது இன்னொரு பழக்கம். சைலன்சரில் பட்டுக் கருகிய கையுறைகள் அந்தப் பழக்கத்தின் நினைவுச் சின்னங்களாக எல்லார் வீட்டிலும் ஒன்றாவது கிடக்கும்.

சிலருக்கு இதெல்லாம் செய்தும் விரல் வெளுத்துவிடுகிறது. 1862-ல் மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் தன் ஆய்வேட்டில் விவரித்த நிலை அது: சிறு குளிருக்கே விரல் நுனிகள் மெழுகுபோல வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவந்து வலிக்கும். பெண்களுக்கு அதிகமாக வருவது. இதே தோற்றம் அதிர்வினாலும் வரும் என்பதை 1918-ல் இண்டியானாவின் பெட்ஃபோர்டு சுண்ணாம்புக்கல் குவாரிகளில் காற்றுச் சுத்தியல் பிடித்தவர்களிடம் ஆலிஸ் ஹாமில்டன் காட்டினார். ஸ்னோமொபைலின் கைப்பிடியும் அதிர்வதுதான். 1960-களில் லாப்லாந்தில் துருவமான் மேய்ப்பு இயந்திரத்துக்கு மாறியது. அந்த மாற்றத்தை பின்லாந்தின் ஸ்கோல்ட் சாமி மக்களிடையே வாழ்ந்து பார்த்த பெர்ட்டி பெல்டோ 1973-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். பிறகு வந்த மருத்துவ ஆய்வுகள் பின்லாந்து, ஸ்வீடன் மேய்ப்பர்களின் வெள்ளை விரல்களைக் கவனித்தன. வருடத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் அதிரும் உலோகத்தைக் குளிரில் பிடித்திருக்கும் கைகள் அவை. இப்படிப்பட்டவருக்குச் சூடான கைப்பிடி ஆடம்பரமல்ல. அதிர்வு குறைந்த நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின், இறுக்காத பிடி, மருத்துவரிடம் ஒரு ஆலோசனை, புகையை விடுவது எல்லாமே அவருக்குத் தேவை. நிக்கோடின் எந்தக் கைக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஏற்கெனவே சுருங்கும் கையை அது விடவே விடாது.

உறைபனிக் காயம் வலியோடு வரும் என்று எதிர்பார்ப்பது தவறு. வலிக்கிறவரை விரல் பிழைத்திருக்கிறது. வலி நின்று, விரல் கட்டையாகி, வெளுத்து மெழுகுபோலாகும்போதுதான் அஞ்ச வேண்டும். அப்போது பனியை வைத்துத் தேய்ப்பது என்ற வழக்கம் நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரேயிடமிருந்து வந்தது. 1812-ல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய படையினர் உணர்வற்ற கைகால்களை முகாம் நெருப்பில் காட்டிச் சுட்டுக்கொண்டதைப் பார்த்து, நெருப்பைவிடப் பனி மேல் என்று அவர் சொன்னார். அந்தச் சூழலில் அது அறிவுடைய யோசனைதான். ஆனால் அதற்குப் பிறகு நூற்றாண்டுக்கு மேல் உலகம் உறைந்த விரல்களைப் பனியால் தேய்த்துக் கிழித்துக்கொண்டிருந்தது. அலாஸ்காவில் வில்லியம் மில்ஸ் போன்றவர்கள் வெதுவெதுப்பான நீரில் வேகமாகச் சூடேற்றும் முறையை நிலைநாட்டினார்கள். இன்றைய அளவு 37 முதல் 39 டிகிரி. மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் உருக்கவே கூடாது. உறைந்து, உருகி, திரும்ப உறைந்த விரல் திரும்பி வராது. ஐலோப்ரோஸ்ட் என்ற மருந்துக்கு, கடுமையான உறைபனிக் காயத்தில் விரல் நீக்கம் நேரும் வாய்ப்பைக் குறைப்பதற்காக, 2024-ல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி தந்தது. அனுபவசாலிகளையும் இந்தக் காயம் விடுவதில்லை: 1980-81-ல் திறந்த ஸ்கி-டூக்களில் அண்டார்டிகாவைக் கடந்த குழுவின் தலைவர் ரனுல்ஃப் ஃபைன்ஸ். அந்தப் பயணத்தில் தப்பிய அவருடைய இடது கை விரல் நுனிகள் 2000-ல் போயின. ஆர்க்டிக்கில் தனியே நடந்துபோனபோது நீரில் விழுந்த சறுக்குவண்டியைக் கையுறையைக் கழற்றிவிட்டு இழுத்தார். சில நிமிட வேலை.

கையுறையைக் கழற்றும் அந்தச் சில நிமிடங்களில்தான் விரல்கள் போகின்றன. வண்டியில் போகும்போது அல்ல, நின்றபிறகு. ஸ்பார்க் பிளக் மாற்றும்போது, கொக்கியைப் பூட்டும்போது, எல்லாவற்றையும்விடப் பெட்ரோல் ஊற்றும்போது. மைனஸ் 30-ல் கேனில் இருக்கும் பெட்ரோலும் மைனஸ் 30-ல்தான் இருக்கும். தண்ணீரைப் போல உறைந்து எச்சரிப்பதில்லை. திரவமாகவே விரலில் வழிந்து, ஆவியாகும்போது மிச்சச் சூட்டையும் எடுத்துப் போகும். வெறுங்கையில் அது சிந்தினால் நொடிகளில் காயம். பெட்ரோலுக்கென்று தனியாக ஒரு ரப்பர் கையுறை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பவர்களே அனுபவசாலிகள்.

கனடாவின் வடக்கே இனுயிட் மக்களின் மொழியில் ஸ்னோமொபைலுக்கு 'ஸ்கி-டூ' என்ற வணிகப் பெயரே திரிந்து வழங்குகிறது. வேட்டைக்காரர் அதன் பின்னால் கமுட்டிக் என்ற மரச் சறுக்குவண்டியைக் கட்டிக் கடல்பனிமேல் போகிறார். வண்டி தொழிற்சாலையில் செய்தது, கைப்பிடியில் மின்சூடும் இருக்கிறது. கையுறையோ வீட்டில் பெண்கள் துருவமான் தோலிலும் சீல் தோலிலும் தைத்தது. துருவமானின் ஒவ்வொரு மயிருக்குள்ளும் காற்று அடைபட்டிருக்கிறது. எடை குறைவு, கதகதப்பு அதிகம். இரண்டு மிட்டன்களையும் ஒரு நீளக் கயிறு இணைக்கிறது, அந்தக் கயிறு கழுத்தைச் சுற்றிப் போகிறது. தெற்கே பாலர் பள்ளிப் பிள்ளைகளின் கையுறைகள் தொலையாமல் தாய்மார் கட்டிவிடும் அதே கயிறு. கமுட்டிக்கில் சுமை நழுவியிருக்கிறது. அவர் வண்டியை நிறுத்தி, கைகளை உருவிக்கொள்கிறார். மிட்டன்கள் கீழே விழவில்லை, காற்றில் பறக்கவில்லை. வாய் கவிழ்ந்தபடி இடுப்பருகே ஆடுகின்றன, உள்ளே பனி புகவில்லை. அவர் முடிச்சை இறுக்கி, இன்னொரு சுற்றுச் சுற்றி, கைகளை மறுபடி உள்ளே விடுகிறார். சூடு இன்னும் அங்கேயே இருக்கிறது.